பதினோரு நாட்கள்: கருவறை குறித்த காத்திருப்பின் வரலாறு

சில நாட்களுக்கு முன்பு, இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், நம் மதரஸாவில் சிறுவர்களுக்கு ஓதிக் கொடுக்கும் இளைய உஸ்தாத் நம் அருகில் வந்து அமர்ந்தார். கையில் ஒரு ஸ்கேன் உறை. மணமாகி நான்காண்டுகளுக்குப் பின் அவருடைய மனைவி கருவுற்றிருக்கிறார். அன்று காலை எடுத்த ஸ்கேனில், ‘சாக்’ என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் கருவின் உறை தெரிந்தது. அதனுள் சிறு வளையம் போன்ற மஞ்சள்கருப் பையும் தெரிந்தது. கருவோ, அதன் இதயத் துடிப்போ தெரியவில்லை. பதினோரு நாட்கள் கழித்து மறுபடி வருமாறு மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

“ஹள்ரத், நல்லதா கெட்டதா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது என்ன கணக்கு, பதினோரு நாள்? அவள் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. எனக்கும் தொழுகையில் ரக்அத் மறந்துபோகிறது. இப்படிக் கலங்குவது தவக்குலுக்கு மாற்றமில்லையா?” என்று கேட்டார்.

அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு விடை அன்று நம்மிடம் இல்லை; தேடிப் படித்தே தெரிந்துகொண்டோம். இரண்டாவது கேள்விக்கு, சில ஆண்டுகளுக்கு முன்பு வேறொருவரிடம் நாம் தவறான விடையைச் சொல்லியிருக்கிறோம். அதையும் இக்கட்டுரையில் மறைக்காமல் எழுதுவோம். ஆனால் இரண்டு கேள்விகளுக்கும் முன்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

கருவறைக்குள் இருப்பதை அறியத் துடிக்கும் மனம் ஸ்கேன் கருவியோடு பிறந்ததன்று. ஓர் ஆணும் அவனுடைய துணையும் பிள்ளைப் பேற்றை எதிர்நோக்கியிருக்கும் நிலையைத் திருக்குர்ஆன் 7:189-இல் சித்திரிக்கிறது. முதலில் அவள் இலேசான சுமையைச் சுமக்கிறாள்; அதனோடு நடமாடுகிறாள். பிறகு சுமை கனக்கும்போது இருவரும் தம் இறைவனை அழைத்து, குறையற்ற பிள்ளையைத் தருமாறு இறைஞ்சுகின்றனர். ‘இலேசான சுமை’ என்ற அந்தச் சொல்லில் முதல் மாதங்கள் முழுவதும் அடங்கியிருக்கின்றன. வெளியே ஒன்றும் தெரியாது. வயிறு எழாது. அயலார் அறியார். இம்ரானின் மனைவியும் தம் வயிற்றில் இருப்பது இன்னதென்று அறியாமலேதான் அதை அல்லாஹ்வுக்கென நேர்ந்துகொண்டார். பிறந்தது பெண் என்று கண்டபோது அவருடைய நாவிலிருந்து வியப்பு வெளிப்பட்டதை 3:36 நமக்கு அறிவிக்கிறது. அந்தப் பெண் குழந்தைதான் மர்யம் (அலை).

அக்காலத்தில் ஒரு பெண் தன் கருவைக் குறித்து உறுதி பெற்றது, பெரும்பாலும் வயிற்றில் பிள்ளை அசைவதை உணர்ந்த நாளில்தான். முதற் பிள்ளையானால் அது நான்கு மாதம் கழிந்து, ஐந்தாம் மாதத்தை ஒட்டி வரும். அதுவரை நாள் தள்ளிப்போனது, குமட்டல், மருத்துவச்சியின் கைத்தேர்ச்சி ஆகியவையே சான்றுகள். மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லாதே என்று நம் வீட்டுப் பெரியம்மாக்கள் இன்றும் சொல்கிறார்கள் அல்லவா, அது அந்த நாட்களின் எச்சம். கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் நிகழ்கின்றன என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் அவர்கள். இவ்வழக்கத்தில் ஒரு குறையும் உண்டு. கருவுற்றதை யாரிடமும் சொல்லாதவள், அதை இழந்ததையும் யாரிடமும் சொல்ல இயலாமல் போகிறாள்.

இந்த மறைவான காலத்தைப் பற்றி ஹதீஸ் நூல்களில் ஓர் அறிவிப்பு உண்டு. மதரஸாக்களில் பல முறை ஓதிக் கொடுத்திருக்கிறோம். ஆயினும் அதன் கனத்தை உணரப் பல ஆண்டுகள் ஆயின. இமாம் புகாரி தம் ஸஹீஹ் நூலில், மாதவிடாயைப் பற்றிய பகுதியில், 22:5 வசனத்தில் வரும் ‘உருவாக்கப்பட்டதும் உருவாக்கப்படாததும்’ என்ற பொருளுடைய சொற்களைத் தலைப்பாக இட்டு அதைப் பதிவு செய்கிறார். அனஸ் பின் மாலிக் (ரலி) அறிவிக்கும் அந்தச் செய்தியின்படி, கருவறைக்கென்று அல்லாஹ் ஒரு வானவரை நியமித்திருக்கிறான். அவர் ஒவ்வொரு நிலையிலும் இறைவனை விளித்து அறிவிக்கிறார்: இது இப்போது நுத்ஃபாவாக இருக்கிறது, இது இப்போது அலக்காவாக இருக்கிறது, இது இப்போது முழ்காவாக இருக்கிறது என்று. அதன் படைப்பை நிறைவு செய்ய அல்லாஹ் நாடினால்தான் அடுத்த கேள்விகள் எழுகின்றன. ஆணா, பெண்ணா? நற்பேறு உடையதா, இல்லாததா? அதன் வாழ்வாதாரம் எவ்வளவு, ஆயுள் எவ்வளவு?

அந்த வானவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கருவுக்கு அவரைவிட அண்மையில் இருப்பவர் எவருமில்லை. எனினும் அவருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொரு படியிலும் கேட்கிறார்; விடை வரும்வரை நிற்கிறார். ‘நிறைவு செய்ய நாடினால்’ என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. நிறைவு செய்யப்படாத கருவும் உண்டு என்பதும், அதுவும் அவனுடைய அறிவுக்கு உட்பட்டே கழிகிறது என்பதும் அதில் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொரு பெண்ணும் சுமப்பதையும், கருவறைகள் குறைப்பதையும் கூட்டுவதையும் அல்லாஹ் அறிகிறான் என்று 13:8 கூறுகிறது. இதிலுள்ள ‘குறைப்பது’ என்பதற்கு, நிறைவுறாமல் விழுந்துவிடும் கரு என்றே முற்கால விரிவுரையாளர்கள் பலர் பொருள் கொண்டனர்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். இவ்வசனங்களையும் ஹதீஸ்களையும் இன்றைய கருவியல் பாடநூலோடு வரிக்கு வரி ஒட்டவைத்து ‘அறிவியல் அற்புதம்’ என முழங்கும் உரைகள் பெருகிவிட்டன. நாற்பது நாட்களைப் பற்றி இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிப்பதும், நாற்பத்திரண்டு இரவுகளைப் பற்றி ஹுதைஃபா பின் அஸீத் (ரலி) அறிவிப்பதும் எவ்வாறு இணங்கும் என்று இமாம்கள் நூற்றாண்டுக் கணக்கில் நிதானமாக ஆராய்ந்த இடம் அது. ஒரு யூடியூப் காணொளியில் முடித்துவிடக் கூடிய வேலையன்று.

உருத் தெரியாமல் கழிந்துவிட்ட ஒன்றுக்காக ஏன் இத்தனை துயரம் என்று சொல்பவர்கள் இக்காலத்தில் மட்டும் இருப்பவர்கள் அல்லர். ஹுதைல் குலத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டுக்கொண்டனர். ஒருத்தி எறிந்த கல் மற்றவளின் வயிற்றில் பட்டுக் கரு இறந்துபோயிற்று. வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. அக்கருவுக்கு ‘ஃகுர்ரா’ என்னும் ஈட்டுத்தொகை தரப்பட வேண்டுமென்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். அப்போது குற்றம் செய்தவளின் தரப்பைச் சேர்ந்த ஒருவர், உண்ணாத, பருகாத, ஒரு குரலும் எழுப்பாத ஒன்றுக்கு நாங்கள் எப்படி ஈடு தருவது என்று எதுகை மோனையோடு அடுக்கிப் பேசினார். குறிகாரர்களின் பேச்சைப் போன்றது என்று அந்த அடுக்குமொழியை நபியவர்கள் கண்டித்தார்கள், தீர்ப்பை மாற்றவில்லை. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது இடம்பெற்றுள்ளது. பின்னர் வந்த ஃபிக்ஹ் அறிஞர்கள் அந்த ஈட்டின் மதிப்பை ஐந்து ஒட்டகங்கள் என்று கணக்கிட்டனர்.

இந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாகவே, பிறவாத குழந்தையைச் சுற்றி ஃபிக்ஹ் நூல்களில் ஒரு தனி ஒழுங்கு வளர்ந்தது. அதன் உயிர்நாடி காத்திருத்தல்தான். கணவன் இறந்துபோய் மனைவி கருவுற்றிருந்தால் சொத்தை எப்படிப் பங்கிடுவது? வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா, ஒன்றா இரண்டா, உயிரோடு பிறக்குமா என்று ஒருவருக்கும் தெரியாது. இமாம் அபூயூஸுஃப் அவர்களின் கூற்றின்படி ஒரு குழந்தையின் பங்கு நிறுத்திவைக்கப்படும். ஹனஃபி மத்ஹபில் இதன்படியே ஃபத்வா தரப்படுகிறது. ஹன்பலி மத்ஹபில் இரு குழந்தைகளின் பங்கை நிறுத்திவைப்பர். ஷாஃபிஈ மத்ஹபினர் இன்னும் ஒருபடி மேலே சென்று, எத்தனை பிள்ளைகள் பிறக்கும் என்பதற்கே வரம்பு வைக்க முடியாதென்பதால், பிறப்பினால் தம் பங்கு மாறக்கூடிய வாரிசுகளுக்கு இப்போதைக்கு ஒன்றும் தராமல் நிறுத்திவைக்கச் சொன்னார்கள். கண்ணால் காணாத ஓர் உயிருக்காக, கண்முன் நிற்கும் வாரிசுகளைக் காக்கவைத்த சட்டம் இது.

கர்ப்ப காலத்தின் உச்ச வரம்பைக் குறித்து அவர்கள் சொன்னதைக் கேட்டு இன்றைய மாணவர்கள் சிரிக்கிறார்கள். ஹனஃபிகள் இரண்டாண்டு என்றனர். ஷாஃபிஈகள் நான்காண்டு என்றனர். இன்றைய மருத்துவத்தின்படி இது சரியன்று. எகிப்தில் 1929-ஆம் ஆண்டின் 25-ஆம் எண் சட்டம் இவ்வரம்பை ஓராண்டாகக் குறைத்தும்விட்டது. ஆனால் அந்த இமாம்கள் ஏன் அவ்வளவு தாராளமாக வரம்பு வைத்தார்கள் என்பதை மாணவர்கள் கேட்பதில்லை. ஐயத்தின் பேரில் ஒரு பெண்ணின் மீது பழி சுமத்துவதையும், ஒரு குழந்தையைத் தந்தையற்றதாக ஆக்குவதையும் தவிர்க்கவே, இருக்கும் அறிவு எட்டாத இடத்தில் அவர்கள் கதவைத் திறந்தே வைத்தார்கள்.

இவ்வழக்குகளில் இறுதிச் சொல் மருத்துவச்சியரிடம் இருந்தது. விழுந்தது வெறும் இரத்தக் கட்டியா, மனித உருவின் தொடக்கமா என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர். பிற வழக்குகளில் ஆண்களின் சாட்சியத்தைக் கோரிய அதே நூல்கள், இங்கே பெண்களின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்க இடம் தந்தன. பத்தாம் நூற்றாண்டில் குர்துபாவின் அரீப் பின் ஸஅத், கருவின் படைப்பையும் கருவுற்ற பெண்களின் பராமரிப்பையும் பற்றித் தனி நூலே எழுதினார். அதே அந்தலூஸின் ஸஹ்ராவி, மருத்துவச்சியருக்கான வழிகாட்டுதலைத் தம் அறுவை மருத்துவப் பகுதியில் சேர்த்தார். எனினும் இவர்களில் ஒருவராலும் மூடிய கருவறைக்குள் பார்க்க இயலவில்லை.

அதற்கான வழி திறந்தது மருத்துவத்திலிருந்து அன்று. கடலிலிருந்தும் கப்பல் கட்டும் தளங்களிலிருந்தும். 1880-இல் பிரான்சில் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக்கும், சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். முதல் உலகப் போரின்போது பால் லாஞ்சவின் அதே தன்மையைக் கொண்டு நீருக்குள் ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியால் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய முயன்றார். மனிதச் செவிக்கு நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் எட்டாது. இன்றைய ஸ்கேன் கருவி அனுப்புவதோ நொடிக்குப் பல பத்து லட்சம் அதிர்வுகள். போருக்குப் பின் அந்த ஒலி தொழிற்சாலைகளுக்குள் வந்தது. இரும்புத் தகட்டுக்குள்ளும் பற்றவைப்புக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கருவியாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் பணியாற்றிய இயான் டொனால்டு என்னும் மருத்துவர், 1954-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றுத் துறைப் பேராசிரியரானார். இரும்பின் விரிசலைக் காட்டும் ஒலி உடலின் கட்டியைக் காட்டாதா என்று அவருக்குத் தோன்றியது. 1955 ஜூலையில், அறுவைசிகிச்சையில் அகற்றிய கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குச் சென்றார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய இறைச்சித் துண்டையும் வைத்துச் சோதித்தார்கள். நீர்க்கட்டியின் எதிரொலியும் திண்மக் கட்டியின் எதிரொலியும் வேறுவேறாக இருந்தன. டாம் பிரவுன் என்ற பொறியாளரும் ஜான் மக்விகார் என்ற மருத்துவரும் அவரோடு இணைந்தனர். வயிற்றில் அறுவைசிகிச்சைக்கு உட்படாத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்மணிக்கு இருப்பது சினைப்பை நீர்க்கட்டியே என்று கருவி காட்டியது. கட்டி அகற்றப்பட்டது, அவர் பிழைத்தார். 1958 ஜூன் 7-ஆம் நாள் லான்செட் இதழில் மூவரின் கட்டுரை வெளியானது.

கருவின் தொடக்க நாட்களைப் பார்ப்பது அப்போதும் கைகூடவில்லை. கருப்பை அந்நாட்களில் சிறியது. இடுப்பெலும்புக்குக் கீழே குடலுக்குப் பின்னால் மறைந்திருக்கும். குடலின் காற்று ஒலியைத் தடுத்துவிடும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் அது குடலை விலக்கி ஒலிக்கு நீராலான ஒரு சாளரத்தைத் திறந்துவிடுகிறது என்பதை 1963-இல் டொனால்டின் குழு எழுதிற்று. ஸ்கேன் மையத்தின் நாற்காலியில், தண்ணீரைக் குடித்துக் குடித்து, எழவும் முடியாமல் அமரவும் முடியாமல் நம் பெண்கள் தவிப்பதற்குப் பின்னால் இருக்கும் கதை இதுதான். 1972-இல் அதே கிளாஸ்கோவில் ஹியூ ராபின்சன், ஏழாவது வாரத்திலேயே கருவின் இதயம் அசைவதைக் கண்டறியலாம் என்று காட்டினார். மறு ஆண்டு, தலை உச்சியிலிருந்து பிட்டம்வரை கருவின் நீளத்தை அளந்து அதன் வயதைக் கணிக்கும் முறையையும் வெளியிட்டார். இன்று நம் அறிக்கைகளில் ‘சி.ஆர்.எல்.’ என்று அச்சாகிவரும் எண் அதுவே. பின்னர் உடலுக்குள் செலுத்திப் பார்க்கும் கருவி வந்ததும், ஐந்தாம் வாரத்தில் உறையும், அதன் பின் மஞ்சள்கருப் பையும், ஆறாம் வாரத்தையொட்டித் துடிப்பும் தெரியலாயின.

இங்கேதான் ஒரு புதிய துன்பமும் பிறந்தது. முன்பு ஐந்தாம் மாதம்வரை ஒன்றும் தெரியாமல் காத்திருந்தாள் தாய். இப்போது பாதி தெரிகிறது. உறை தெரிகிறது, கரு தெரியவில்லை. கரு தெரிகிறது, துடிப்பு தெரியவில்லை. வாரங்களை எண்ணுவது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து; ஆனால் கரு உண்டாகும் நாள் எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. சிலருக்கு ஒரு வாரம் தாழ்ந்தே உண்டாகும். ஆறு வாரம் என்று நாம் எண்ணும் கரு, உண்மையில் ஐந்து வாரமே ஆனதாக இருக்கக்கூடும். வளர்ச்சி நின்றுவிட்ட கருவையும், வயது குறைந்த நல்ல கருவையும் ஒரு நாள் எடுத்த ஒரு படத்தில் பிரித்தறிய இயலாது.

இதில் மருத்துவ உலகம் தவறியும் இருக்கிறது. கருவின் நீளம் இத்தனை மில்லிமீட்டர் ஆகியும் துடிப்பு இல்லையென்றால் அது இறந்துவிட்டது என்று முடிவு செய்யலாம் என ஓர் அளவு வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் அது 5 மி.மீ. என்றும், பிரிட்டனில் 6 மி.மீ. என்றும் இருந்தது. கரு தென்படாத உறைக்கு முறையே 16, 20 மி.மீ. 2011-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டாம் போர்னும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வுகள், அந்த அளவுகளை நம்பி முடிவெடுத்தால் உயிருள்ள சில கருக்களும் இறந்தவை என்று கணக்கிடப்பட்டுவிடும் எனக் காட்டின. ஒரே கருவை இரு மருத்துவர் அளந்தாலும் எண் சற்றே வேறுபடும். அந்தச் சிறு வேறுபாட்டில் ஒரு பிள்ளை போய்விடலாம். பிரிட்டன் உடனே அளவுகளை 7 மி.மீ., 25 மி.மீ. என உயர்த்தியது. 2013-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான அமெரிக்க வல்லுநர் குழுவின் நெறிமுறையும் அவற்றையே ஏற்றது. அதோடு நாட்கணக்கையும் வரையறுத்தது. மஞ்சள்கருப் பை இல்லாத உறை மட்டும் தெரிந்திருந்தால், இரண்டு வாரம் கழித்தும் துடிப்புள்ள கரு தோன்றவில்லையானால் மட்டுமே முடிவு சொல்லலாம். மஞ்சள்கருப் பையும் தெரிந்திருந்தால், பதினோரு நாள்.

இளைய உஸ்தாதின் முதல் கேள்விக்கான விடை இதுவே. அந்த மருத்துவர் பேசாதிருந்தது அலட்சியத்தினால் என்று நாமும் முதலில் எண்ணினோம். அப்படியன்று. அவசரத்தில் சொல்லப்பட்ட ஒரு சொல் உயிரைப் பறித்துவிடலாம் என்று தம் துறை கற்றுக்கொண்ட பாடத்தை அவர் கடைப்பிடித்திருக்கிறார். உறுதியான ஒன்று ஐயத்தினால் நீங்கிவிடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. உஸ்மானிய அரசின் மஜல்லா சட்டத் தொகுப்பும் அதைத் தன் தொடக்க விதிகளில் வைத்திருக்கிறது. கரு உண்டாகியிருக்கிறது என்பது உறுதி. அது போய்விட்டது என்பது ஐயம். வாரிசுகளைக் காக்கவைத்த நம் இமாம்களும், பதினோரு நாள் குறித்த வல்லுநர்களும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். (ஆனாலும் ‘ஏன் காத்திருக்கச் சொல்கிறேன்’ என்று இரண்டு வாக்கியம் விளக்கியிருந்தால் அந்த வீட்டில் இரண்டு பேர் உறங்கியிருப்பார்கள் என்பதையும் மருத்துவர்கள் கருத வேண்டும்.)

கருவறைகளில் உள்ளதை அல்லாஹ்வே அறிகிறான் என்று 31:34 கூறியிருக்க, ஸ்கேன் பார்ப்பதே தகுமா என்று சிலர் கேட்பதுண்டு. ஹிஜ்ரி 774-இல் மறைந்த இப்னு கஸீர், இக்கருவி தோன்றுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே, அவ்வசனத்தின் விரிவுரையில் இதைத் தெளிவாக்கியிருக்கிறார்: அல்லாஹ் எதைப் படைக்க நாடுகிறான் என்பதை வேறெவரும் அறியார்; அது ஆணென்றோ பெண்ணென்றோ அவன் கட்டளையிட்டுவிட்டால், பொறுப்பிலுள்ள வானவர்களும் அவன் நாடிய பிற படைப்புகளும் அறிந்துகொள்வர் என்பது அவருடைய கருத்து. ஏற்கெனவே படைக்கப்பட்டதன் எதிரொலியைத்தான் திரை காட்டுகிறது. நாளை அது என்னவாகும் என்பதைத் திரை காட்டுவதில்லை. அதனால்தானே பதினோரு நாள். ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994-ஆம் ஆண்டின் சட்டம் நம் நாட்டில் தடை செய்திருக்கிறது. ஒவ்வொரு ஸ்கேன் மையத்தின் சுவரிலும் அந்த அறிவிப்புப் பலகை தொங்குகிறது. பெண் சிசுக்களைப் புதைத்த சமூகத்தை நோக்கி 81:8, 9 வசனங்கள் எழுப்பும் கேள்வியை ஓதும் நாம், அப்பலகையை ஒரு சட்டத் தொல்லையாக எண்ணக் கூடாது.

இனி இரண்டாவது கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நம்முடைய பெண்கள் வகுப்பில் ஓதிக்கொண்டிருந்த ஒரு சகோதரியின் கணவர் இதேபோல் ஓர் ஸ்கேன் உறையோடு நம்மிடம் வந்தார். வீட்டில் ஓயாமல் அழுதுகொண்டிருப்பதாகச் சொன்னார். ஈமான் உள்ளவர் இப்படிக் கலங்கலாமா, கலக்கம் தவக்குலின் குறைவு, ஸப்ர் செய்யச் சொல்லுங்கள் என்று நாம் சொல்லி அனுப்பினோம். ஒரு வாரத்தில் கரு கலைந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து வகுப்புக்கு வந்த அந்தச் சகோதரி, கேள்விகள் எழுதிப் போடும் பெட்டியில் பெயரில்லாத துண்டுச் சீட்டு ஒன்றைப் போட்டிருந்தார். எழுத்தைக் கண்டதும் யாருடையது என்று புரிந்தது. தவக்குல் குறைந்ததனால்தான் என் பிள்ளை போய்விட்டதா என்று அதில் கேட்டிருந்தார்.

அன்று நாம் வகுப்பில் அந்தச் சீட்டைப் படிக்கவில்லை. படிக்கும் துணிவு வரவில்லை.

பிறகு 28:10 வசனத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். மூஸா (அலை) அவர்களின் தாயாருக்கு அல்லாஹ்வே நேரடியாக வாக்களித்திருந்தான்: குழந்தை திரும்பி வரும், தூதராகவும் ஆவார் என்று. அத்தகைய வாக்குறுதி நம்மில் எந்தத் தாய்க்கும் தரப்பட்டதில்லை. அப்படியிருந்தும் பேழையை ஆற்றில் விட்ட மறுநாள் காலை அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிவிட்டது. உண்மையை வெளியிட்டுவிடும் நிலைக்கே அவர் வந்துவிட்டார். அல்லாஹ்தான் அவருடைய உள்ளத்தைப் பிணைத்து உறுதிப்படுத்தினான் என்று குர்ஆன் கூறுகிறது. கலங்கியதற்காக அவரை அது கண்டிக்கவில்லை. கலங்கிய உள்ளத்தைக் கட்டி நிறுத்துவதைத் தன் செயலாகவே அல்லாஹ் சொல்கிறான். தம் மகன் இப்ராஹீமின் இறுதி மூச்சின்போது நபி (ஸல்) அவர்களின் கண்கள் கலங்கியதையும் நாம் பலமுறை பயான் செய்திருக்கிறோம். ஆனால் ஒரு பெண் ஸ்கேன் அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதபோது நமக்கு அவையொன்றும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில், தவறான விடை ஒன்றைத் தந்துவிட்டதாக, யாருக்கு என்று சொல்லாமல், ஒப்புக்கொண்டோம். தொடக்கத்திலேயே கலையும் கருக்களில் பாதிக்கும் மேற்பட்டவை, கரு உண்டாகும் தருணத்திலேயே குரோமோசோம்களில் நேர்ந்துவிட்ட குறையினால் கலைகின்றன. தாய் அழுததனாலோ, அஞ்சியதனாலோ, படி ஏறியதனாலோ அன்று. அறியப்பட்ட கர்ப்பங்களில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை இப்படிக் கழிகின்றன என்றும் சொன்னோம். அந்த அறையில் இருந்த பெண்களில் பலர் தலை குனிந்தார்கள். அத்தனை பேர் இருப்பார்கள் என்று நாம் எண்ணியிருக்கவில்லை.

அன்று கேட்கப்பட்ட வேறு கேள்விகளும் உண்டு. குடும்பங்களுக்குத் தேவையானவை என்பதால் சுருக்கமாக எழுதுகிறோம். உருவம் தோன்றாமல் கலைந்த கருவுக்குக் குளிப்பாட்டுதலோ ஜனாஸாத் தொழுகையோ இல்லை; கிடைத்ததைத் துணியில் சுற்றி அடக்கிவிடுதல் நன்று. நான்கு மாதம் கடந்ததற்கான சட்டங்கள் வேறு. ஆலிமிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இரத்தப்போக்கின் சட்டத்தில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், அலக்காவோ முழ்காவோ வெளியேறிய பின் வரும் இரத்தம் நிஃபாஸ் ஆகும். உள்நாட்டு ஊர்களில் பரவலாக உள்ள ஹனஃபி மத்ஹபில், விரல், நகம், முடி போன்ற உறுப்பு ஏதேனும் தெரிந்திருந்தால்தான் நிஃபாஸ். இல்லையேல் நாட்கணக்கைப் பார்த்து அது மாதவிடாயா, இஸ்திஹாளாவா என்று முடிவு செய்ய வேண்டும். மாமியாரும் மருமகளும் வெவ்வேறு மத்ஹபுடைய வீடுகளில் இதனால் நேரும் குழப்பத்தைக் கண்டிருக்கிறோம். கலைந்த கரு தன் தாயைத் தொப்புள்கொடியால் சுவனத்துக்கு இழுத்துச் செல்லும் என்ற கருத்துடைய அறிவிப்பை முஆத் (ரலி) வாயிலாக இப்னு மாஜா பதிவு செய்திருக்கிறார். அதன் அறிவிப்பாளர் தொடரில் அறிஞர்களுக்குப் பேச்சு உண்டு என்பதையும் சேர்த்தே அன்று சொன்னோம். வகுப்பு முடிந்ததும், எந்த நூலில் இருக்கிறது என்று மூன்று பேர் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆகவே இம்முறை இளைய உஸ்தாதிடம், “கலங்குவது தவறில்லை, தம்பி. மூஸா நபியின் உம்மாவே கலங்கியிருக்கிறார்கள். ரக்அத் மறந்தால் ஸஜ்தா ஸஹ்வு இருக்கிறது. முதலில் வீட்டில் இருவரும் ஏதாவது சாப்பிடுங்கள்” என்றோம். என்ன ஓதுவது என்று கேட்டார். 21:89-இல் உள்ள ஸகரிய்யா (அலை) அவர்களின் துஆவைச் சொன்னோம். பதினோரு நாளின் கணக்கை நாம் பின்னர் படித்து விளக்கியபோது, அவர் அதை ஒரு தாளில் எழுதித் தம் மனைவியிடம் கொடுத்ததாகச் சொன்னார்.

வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்களுக்கு நேரம் தந்திருக்கிறார்கள். ஸ்கேன் அறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள் என்பதால், நம் வீட்டிலிருந்து ஒருவர் அந்தப் பெண்ணுக்குத் துணையாகப் போவதாக ஏற்பாடு. உஸ்தாத் அரை நாள் விடுப்புதான் கேட்டிருந்தார். முழு நாளும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டோம். அன்றைக்கு அவருடைய சிறுவர்களுக்கு நாமே ஓதிக் கொடுப்போம்.